மூன்றை வாங்கி இரண்டைத் திருப்பினால் நட்டம் யாருக்கு?



நம் டிரஸ்டில் வட்டியில்லாக் கடன் கேட்டு வருபவர்கள் முன்பெல்லாம் தையல் மிஷின், ஆட்டுக்குட்டி, பலகாரக் கடை என்றுதான் விண்ணப்பம் தருவார்கள். இப்போது பெண்கள் தரும் விண்ணப்பங்களில் "ஆன்லைன் வியாபாரம்" என்ற சொல் அடிக்கடி வருகிறது. அருப்புக்கோட்டைக்குப் போய் காட்டன் சேலை, நைட்டி, துப்பட்டா எடுத்து வந்து, வீட்டில் வைத்தே படம் பிடித்து, செல்போன் வழியாக விற்கிறார்கள். பரளச்சியில் இருந்துகொண்டே டெல்லிக்கும் அசாமுக்கும் சேலை அனுப்ப முடிகிறது. மானாவாரி வெள்ளாமையையும் கரிமூட்டத்தையும் விட்டால் வேறு வருமானம் குறைந்த நம் பக்கத்துக்கு இது அல்லாஹ் திறந்துவிட்ட ஒரு வாசல். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் தவணை கட்டச் சிரமப்படும் சில சகோதரிகளின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. விற்பனை படுத்துப்போன மாதத்தில் அல்ல, விற்பனை கூடிய மாதத்தில்தான் அவர்கள் கையில் பணம் குறைந்திருக்கிறது. "ரெண்டு எடுத்தா அஞ்சு சதவீதம், மூணு எடுத்தா பத்து சதவீதம்" என்று தள்ளுபடி போட்ட மாதங்கள் அவை. ஆர்டர் குவிந்திருக்கிறது. போன வேகத்திலேயே நிறையப் பார்சல் திரும்பியும் வந்திருக்கிறது.

மொத்தமாக எடுத்தால் விலை குறைப்பது நியாயம். பிடிக்காததைத் திருப்பலாம் என்பதும் நியாயம். இந்த இரண்டும் ஒரே வியாபாரத்தில் சேரும்போது விற்பவர் கதி என்ன ஆகிறது என்பதை இங்கே விளக்க நினைக்கிறோம். விற்கும் குடும்பங்கள் மட்டுமல்ல, வாங்கும் குடும்பங்களும் இதைப் படிக்க வேண்டும். நம்மில் விற்பவர்கள் சிலர்தான். வாங்குபவர்கள் அனேகமாக எல்லோரும்.

அருப்புக்கோட்டை ஜவுளிக் கடையில் ஒரு டஜன் எடுத்தால் விலை குறைத்துப் போடுவது எதற்காக? கடைக்காரருக்கு ஒரே தடவையில் சரக்கு நகர்கிறது, ஒரே பில், ஒரே கட்டு. மிச்சமாகும் செலவில் ஒரு பங்கை வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்கிறார். மறுநாள் ஒருவர் வந்து, "பத்தைத் திருப்பிக்கிறேன், ரெண்டு போதும், ஆனா டஜன் விலைக்கே போடுங்க" என்றால் எந்தக் கடைக்காரரும் ஒப்பமாட்டார். "ரெண்டுன்னா சில்லறை விலை பாய்" என்று சொல்லிவிட்டுப் பில்லைத் திருத்துவார். யாரும் அதைத் தப்பென்று சொல்வதில்லை.

ஆன்லைன் சந்தையில் பில்லைத் திருத்த ஆளில்லை. தள்ளுபடித் தொகையைக் கணினி ஒவ்வொரு உருப்படிக்கும் பிரித்துப் போட்டுவிடுகிறது. மூன்று சேலையில் இரண்டு திரும்பினால் அந்த இரண்டின் தள்ளுபடி போக மீதித் தொகை வாங்கியவருக்குத் திரும்பும். அவர் கையில் இருக்கும் ஒரு சேலை மொத்த விலையிலேயே நின்றுவிடும். அவர் எடுத்துக்கொண்டது ஒன்று, கொடுத்தது மூன்று எடுத்தவருக்கான விலை. இதோடு போனால்கூடப் பரவாயில்லை. போக வர ஆகும் செலவுதான் பெரிய ஓட்டை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக, சந்தைக்குச் சந்தை, எடைக்கு எடை இவை மாறும். சேலை ஒன்றின் அடக்கம் 300 ரூபாய், விற்கும் விலை 450. சந்தைக்குரிய கட்டணம் சேலைக்கு 20. பார்சல் கூலி ஒரு சேலைக்கு 60, மூன்றும் ஒரே பார்சலில் போனால் 80. கவர், டேப் வகையில் ஒற்றைப் பார்சலுக்கு 10, மூன்று சேலைப் பார்சலுக்கு 15. ஒரு சேலை தனியாக விற்றால் நிற்பது 60 ரூபாய்.

பத்து சதவீதத் தள்ளுபடியில் மூன்று சேலை விற்றால் வரவு 1,215. அடக்கம் 900, கட்டணம் 60, கூலி 80, கவர் 15. நிற்பது 160. மூன்றையும் தனித்தனியே விற்றிருந்தால் 180 கிடைத்திருக்கும். இருபது ரூபாய்தான் குறைவு. ஒரே மூச்சில் மூன்று போய்விட்டது. ஆகவே தள்ளுபடி போட்டது புத்திசாலித்தனமான காரியம்தான்.

இப்போது வாங்கியவர் இரண்டைத் திருப்புகிறார். விற்றவரிடம் நிற்பது ஒரு சேலைக்கான 405 மட்டும். அதன் அடக்கம் 300, கட்டணம் 20. மூன்று சேலையைச் சுமந்துபோன கூலி 80 போனது போனதுதான். கவர் 15. திரும்பி வந்த பார்சலுக்கு விற்பவர் கணக்கில் 90 ரூபாய் பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். 405-லிருந்து 505 போனால் 100 ரூபாய் நட்டம். அந்தப் பெண்மணி முதலிலேயே ஒரே ஒரு சேலை வாங்கியிருந்தால் 60 லாபம். திரும்பி வந்த இரண்டில் ஒன்று மடிப்புக் கலைந்து, அத்தர் வாசனையோடு வந்தால் அதைப் புதுசென்று மறுபடி அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. அக்கம்பக்கத்தில் 200-க்குத் தள்ளிவிட்டால் நட்டம் 200 ஆகிவிடும்.

பத்து ஆர்டர் இப்படிப் போய், நான்கில் இரண்டிரண்டு சேலை திரும்பினால் நிற்பது 560. பத்துப் பேருக்கு ஒவ்வொரு சேலை விற்றாலே 600 நிற்கும். முப்பது சேலை கட்டி அனுப்பி, எட்டைத் திரும்ப வாங்கி, உழைப்பெல்லாம் போட்ட பிறகு பத்துச் சேலை விற்றவரைவிடக் குறைவு. அந்த நான்கு பார்சலிலும் ஒவ்வொரு சேலை கெட்டு வந்தால் நிற்பது வெறும் 160. செல்போன் திரையில் மட்டும் "விற்பனை மூன்று மடங்கு" என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் மதரஸாவில் ஹிதாயா ஓதியவர்களுக்கு ஒரு பாடம் நினைவுக்கு வர வேண்டும். இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் இன்றைக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்த நூலின் வியாபாரப் பகுதியில், காணாத பொருளை வாங்குவது பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், பொருளைப் பார்க்காமல் வாங்கியவருக்கு, பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. கியாருர் ருஃயா என்பது அதன் பெயர். பழுது எதுவும் இருக்க வேண்டியதில்லை. படத்தைப் பார்த்துச் சேலை வாங்கும் நம் காலத்துக்கென்றே சொன்னது போலிருக்கிறது. (ஷாஃபி மத்ஹபில் காணாத பொருளை விற்பதன் சட்டம் வேறு, அவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும்.)

அதே பாடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் இரண்டு துணிகளைச் சேர்த்து வாங்குகிறார். ஒன்றைத்தான் முன்பு பார்த்திருந்தார். மற்றதைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்? இரண்டையும் திருப்பலாம் அல்லது இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். பிடிக்காத ஒன்றை மட்டும் பிரித்துத் திருப்ப முடியாது. வியாபாரம் முழுமையாகும் முன் ஒரே பேரத்தை உடைப்பது விற்றவருக்குப் பாதகம் என்பது அதன் அடிப்படை. பொருளில் பழுது இருந்தால் அது வேறு சட்டம்: இரண்டும் கைக்கு வந்த பிறகு ஒன்றில் பழுது தெரிந்தால் அதை மட்டும் திருப்பலாம். மனம் மாறுவதையும் பொருள் கெட்டிருப்பதையும் நம் ஃபுகஹாக்கள் எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள் பாருங்கள். இன்றைய சந்தைகளின் கணினியில் இந்தப் பிரிவினை சரியாக இல்லாததுதான் மேலே போட்ட கணக்கின் நட்டத்துக்குக் காரணம்.

உடனே, "அப்படியானால் ஒன்றை மட்டும் திருப்புவது ஹராமா?" என்று கேட்க வேண்டாம். சந்தையில் சேரும்போதே விற்பவர் அதன் விதிகளுக்குச் சம்மதம் கொடுத்துவிடுகிறார். விற்பவர் ஒப்பினால் திருப்பலாம். வாங்கியவர் மனம் வருந்தி நிற்கும்போது வியாபாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்பவரின் தவறுகளை அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை அபூதாவூதில் காண்கிறோம். இகாலா என்ற இந்தப் பெருந்தன்மை விற்பவருக்கு உரிய நன்மை. ஆனால் ஒன்றுதான் வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, தள்ளுபடி விலைக்காகவே மூன்றைப் போட்டு இரண்டைத் திருப்புகிறவர் மனம் மாறியவர் அல்ல. அது ஏமாற்று. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் நிற்கிறது. 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. மனம் மாறினால் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அது சந்தைகள் வாடிக்கையாளரை இழுக்கத் தாமே கொடுக்கும் சலுகை. சலுகை என்றால் அதற்கு விலை உண்டு. மீஷோவில் சில பொருள்களுக்கு இரண்டு விலை காட்டுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள்: எக்காரணத்துக்கும் திருப்பலாம் என்றால் ஒரு விலை, தவறான அல்லது பழுதான பொருளை மட்டும் திருப்பலாம் என்றால் அதைவிடக் குறைந்த விலை. திருப்பும் உரிமைக்கு எவ்வளவு விலை என்பது அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

அதே மீஷோ 2021 முதல் கமிஷன் வாங்குவதில்லை. அமேசானும் 2025 ஏப்ரல் 7 முதல் 300 ரூபாய்க்குக் குறைந்த பல பொருள்களுக்குக் கமிஷனை எடுத்துவிட்டது. இதைக் கேட்டதும் "செலவே இல்லை" என்று நம் சகோதரிகள் நினைத்துவிடுகிறார்கள். கமிஷன் ஒரு செலவு மட்டுமே. பார்சல் கூலி, விளம்பரம், ரிட்டன் செலவு எல்லாம் தனி.

பெரிய தள்ளுபடியைக் கொடுப்பது யார் என்ற கேள்வி டெல்லி வரை போன வழக்கு. சந்தை நடத்தும் வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனிகள் நேராகவோ மறைமுகமாகவோ விலையைத் தீர்மானிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2018 டிசம்பர் 26 அன்று அறிவித்து, 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. டெல்லி வியாபார் மகாசங்கத்தின் புகாரின் பேரில், இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் அமேசான், பிளிப்கார்ட் இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. சில பெரிய விற்பனையாளர்களுக்கு மட்டும் சலுகை, ஆழமான தள்ளுபடி என்பவை அந்தப் புகாரில் இருந்தன. பெரிய முதலாளிக்கு நட்டத்தைத் தாங்க ஆள் உண்டு. பத்தாயிரம் ரூபாய் கடனில் சரக்கெடுத்த நம் சகோதரி அவரைப் பார்த்துத் தள்ளுபடி போட்டால் தாங்குமா?

மொத்தமாக வாங்குவதையும் திருப்புவதையும் வைத்துக் களவு செய்பவர்களும் இருக்கிறார்கள். மிந்த்ரா கம்பெனி பெங்களூருவில் கொடுத்த போலீஸ் புகார் பற்றி 2024 டிசம்பரில் செய்தி வந்தது. விலையுயர்ந்த பொருள்களை மொத்தமாக ஆர்டர் போடுவது, வந்ததும் "எண்ணிக்கை குறைகிறது", "வேறு பொருள் வந்திருக்கிறது" என்று சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. அந்த ஊரில் மட்டும் சுமார் 1.1 கோடி ரூபாய் போனதாகப் புகார். கேமராவும் சட்டத்துறையும் வைத்திருக்கும் கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், அடுக்களைத் திண்ணையில் பார்சல் கட்டுபவரிடம் "ரெண்டுதான் வந்துச்சு" என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

அமெரிக்காவில் 2024-ல் திரும்பி வந்த சரக்கின் மதிப்பு சுமார் 89,000 கோடி டாலர் இருக்கும் என்று அங்குள்ள தேசிய சில்லறை வணிகர் கூட்டமைப்பு மதிப்பிட்டது. விற்பனையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதே ஆண்டு ஜூன் முதல் அமேசான் அங்கே அதிகமாகத் திரும்பும் பொருள்களுக்கு விற்பவர்களிடம் தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. செலவு கடைசியில் எந்தப் பக்கம் இறங்கும் என்பது இதிலிருந்தே தெரியும்.

இனி விற்கும் சகோதரிகளுக்கு. முக்கியமானது ஒன்றுதான்: "மூன்று எடுத்தால் தள்ளுபடி" என்று போடாதீர்கள்; மூன்றையும் சேர்த்து ஒரே பொருளாக, காம்போ என்கிறார்களே, அப்படிப் பட்டியலிடுங்கள். மூன்று துப்பட்டா ஒரு செட், ஒரு படம், ஒரு விலை. திருப்பினால் மூன்றும் சேர்ந்துதான் திரும்பும். ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை அனுப்ப வழியில்லை. ஹிதாயாவின் சட்டமும் வியாபாரத் தந்திரமும் ஒன்றாகச் சேரும் இடம் இது. ஆர்டர் எண்ணிக்கை கொஞ்சம் குறையும், குறையட்டும். செட்டில் போட அளவுப் பிரச்சினை இல்லாத சரக்கைப் பாருங்கள்: துப்பட்டா, தொழுகைத் துணி, தலையணை உறை, துண்டு. நைட்டி, சுடிதார், புர்கா போன்றவற்றில் மொத்தத் தள்ளுபடியே வேண்டாம். எம், எல், எக்ஸ்எல் மூன்றையும் வரவழைத்து, சரியாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்புவதுதான் அங்கே நடக்கும். அதற்கு நீங்கள் தள்ளுபடியும் கொடுப்பானேன்?

படத்தில் நிறத்தைக் கூட்டிக் காட்டாதீர்கள். சேலை எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, சாயம் போகுமா என்பதை எழுதுங்கள். பழுதை மறைக்காமல் சொல்லி விற்பது தீனின் கடமை. அது ரிட்டனையும் குறைக்கும். பார்சல் கட்டும்போதும், திரும்பி வந்ததைப் பிரிக்கும்போதும் லேபிள் தெரிய வீடியோ எடுத்து வையுங்கள். மாறிய பொருள் வந்தால் முறையிடச் சில நாள்தான் அவகாசம் தருவார்கள். திரும்பிய பார்சலைப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளிவைப்பதை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். இன்னொன்று, ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் ஆன்லைனில் பொருள் விற்க 2023 அக்டோபர் 1 முதல் சிறு வியாபாரிகளுக்கு வழி செய்திருக்கிறார்கள். ஆனால் மாநிலத்துக்குள் மட்டும்தான், அதற்கும் ஒரு பதிவு எண் வாங்க வேண்டும். வெளிமாநிலத்துக்கு அனுப்புபவர்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம்.

வாங்கும் குடும்பங்களுக்கும் சில வார்த்தை. பெருநாளுக்கு முதல் வாரம் நாலு சுடிதார் வருகிறது. பெருநாளன்று ஒன்று உடுத்தப்படுகிறது. மறுநாள் டேக்கை மறுபடி மாட்டி அதுவும் திரும்பிப் போகிறது. பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை, உடுத்திய நிமிடத்தில் முடிந்துபோகிறது என்பதை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டே தெரிந்துகொள்ளலாம். உடுத்தித் தொழுத உடையைப் புதுசென்று திருப்பி அனுப்பும்போது, அதைப் பிரித்துப் பார்ப்பவர் சூரத்திலோ திருப்பூரிலோ நம் சகோதரியைப் போலவே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கக் கூடும்.

கேஷ் ஆன் டெலிவரி போட்டுவிட்டு, பையன் வாசலில் வந்து நிற்கும்போது "காசு இல்லை, நாளைக்கு வா" என்று நாலு நாள் அலையவிட்டுக் கடைசியில் வேண்டாம் என்பதும் சாதாரணமாகிவிட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து வெயிலில் பைக் ஓட்டி வருகிற பையனுக்கு அது ஒரு வீண் நடை. விற்பவருக்கு, போக ஒரு வாரம், வர இரண்டு வாரம் என்று சரக்கு வழியிலேயே முடங்கிக் கிடக்கும். பெருநாள் சரக்கு பெருநாள் கழிந்து திரும்பினால் அதை யார் வாங்குவார்? வேண்டாம் என்று மனதில் பட்டால் பார்சல் கிளம்பும் முன்பே ரத்து செய்துவிடுங்கள். அப்போது யாருக்கும் செலவில்லை.

டிரஸ்டில் கடன் பெற்று ஆன்லைனில் விற்கும் சகோதரிகள், கடைசி மூன்று மாதப் பணப் பட்டுவாடா விவரத்தைச் சந்தையின் கணக்கிலிருந்து இறக்கி, ரிட்டன் பட்டியலோடு கொண்டு வரவும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் உட்கார்ந்து சேர்ந்தே கணக்குப் பார்ப்போம். பெண்கள் வரச் சங்கடப்பட்டால் அண்ணன் தம்பியிடமோ அத்தாவிடமோ கொடுத்தனுப்பலாம். ரிட்டனில் சரக்கு முடங்கித் தவணை நிற்பவர்களுக்கு, பட்டியலைப் பார்த்துத் தவணையைத் தள்ளி வைக்க நிர்வாகம் இசைந்திருக்கிறது. புதிதாக விண்ணப்பம் தருபவர்கள், விற்க நினைக்கும் பொருளுக்கு மேலே போட்டது போல ஒரு கணக்கை, திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணைக்கவும்.